எட்டாவது ஹவலீனா

அத்தியாயம் 9

பாலைவனத்துக்குள் போகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. வெளியே வருகிறவர்களைத்தான் நிறுத்திக் கேட்கிறார்கள்.

மாரத்தான் என்ற சின்ன ஊரில் தெற்கே திரும்பிக் கொஞ்ச நேரம் ஓட்டியதும், சாலையின் எதிர்ப்பக்கத்தில் ஒரு கொட்டகை தெரிந்தது. நான்கு கார்கள் வரிசையில் நின்றன. பச்சைச் சீருடை போட்ட ஒருவர் முதல் காரின் ஜன்னலில் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

"பார்டர் பேட்ரோல் செக்பாயின்ட், பாஸ். விசா பேப்பர் பாக்கறவங்க," என்றான் சபரி, வேகத்தைக் குறைக்காமல். "கல்யாண மண்டபத்துல உள்ள வர்றப்ப ஒருத்தரும் கேக்காம, சாப்ட்டு முடிச்சு கை கழுவிட்டு வெளிய போறப்ப 'நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா'ன்னு கேக்குற மாதிரி இருக்கு."

ரோஷன் பேகம் சிரிக்கவில்லை. கொட்டகை பின்னால் சுருங்கிப் புள்ளியாகும்வரை பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருடம் ஹூஸ்டனில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். பிறகு லைசென்ஸ் வாங்கி, சுகர் லேண்டில் ஒரு பல் டாக்டரின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்தார். அவருடைய முறை எளிமையானது. ஒரு கேள்வி கேட்பார். பிறகு சும்மா இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதிரே இருப்பவர் உண்மையைக் கொட்டிவிடுவார்.

சபரிக்கு முப்பத்து நான்கு வயது. சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்து போன வருடம் வேலை இழந்தவன். கையில் கிரீன் கார்டு இருந்ததால், வேலை போனபோது அவனுக்கு வேலை மட்டும்தான் போனது.

"அந்த என்வலப் உள்ள என்ன இருக்கும்?" என்றான் சபரி. "டைவர்ஸ் நோட்டீஸ்தானே? ஒட்டின விதத்தைப் பாருங்க, மூணு சுத்து செலோ டேப். அன்பா இருக்கறவங்க அவ்ளோ டேப் போட மாட்டாங்க."

ரோஷன் பேகத்தின் மடியில் இருந்த கைப்பையில் அந்தப் பழுப்பு உறை இருந்தது. முந்தாநாள் கலாவதி கொடுத்தது.

கலாவதி அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தபோது அவள் முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அணைத்து வைத்த டிவியைப் பார்ப்பது போல இருந்தது. கணவர் அச்சுதன், வயது முப்பத்தெட்டு, ஐ.டி.யில் டெஸ்டர் வேலை. பிப்ரவரி ஐந்தாம் தேதி, மூன்று நாள் லீவு போட்டிருப்பதாகச் சொல்லி, பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் மிருகங்களைப் பார்க்கத் தனியாகக் காரில் கிளம்பினார். மாரத்தானில் பெட்ரோல் போட்டுவிட்டு ஒரு போட்டோ அனுப்பினார். அதற்குப் பிறகு போன் ஆஃப். இன்று பதினேழாம் தேதி.

"போலீஸ்ல சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டு ரோஷன் பேகம் வழக்கம்போலச் சும்மா இருந்தார்.

"வேணாம் ஆண்ட்டி," என்றாள் கலாவதி. பிறகு அவளும் சும்மா இருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஆறு நிமிடம் நகர்ந்தது. அந்தப் பந்தயத்தில் ரோஷன் பேகம் முதல் முறையாகத் தோற்றார்.

"சரி. நான் என்ன பண்ணணும்?"

"இருக்காரா இல்லையா, அது மட்டும் தெரியணும். போன்ல பேசாதீங்க, வெண்பா பக்கத்துலயே இருப்பா. அப்பா ஆபீஸ் டிரிப் போயிருக்கார்னு சொல்லி வெச்சிருக்கேன். இருந்தா ஒன்னு, இல்லேன்னா ஜீரோ. மெசேஜ் பண்ணுங்க. போதும்." எழுந்தபின் உறையை மேஜையில் வைத்தாள். "ஒன்னா இருந்தா இதை அவர் கையில குடுங்க. ஜீரோவா இருந்தா கிழிச்சுப் போட்டுடுங்க."

ஒன்பது வயதுப் பெண்ணின் அப்பாவைப் பற்றி ஓர் எண்ணில் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை மைல்.

"இன்னொன்னு பாஸ்," என்றான் சபரி. "அந்தாள் லீவே போடல. அந்தக் கம்பெனியில என் ஃப்ரெண்ட் ஒருத்தி இருக்கா, அனன்யா. விசாரிச்சேன். டிசம்பர் பத்தாம் தேதியே லே ஆஃப், வேலை போச்சு. ரெண்டு மாசமா தினம் காலைல டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு எங்கயோ போய் உக்காந்துட்டு வந்திருக்கார்."

ரோஷன் பேகம் "ம்" என்றார். அடுத்த நாற்பது மைலுக்கு அதுதான் அவர் பேசிய ஒரே வார்த்தை. சாலையின் குறுக்கே ஒரு ரோட்ரன்னர் பறவை, பஸ்ஸைத் தவறவிட்ட ஆசாமியைப் போல வாலை நீட்டிக்கொண்டு ஓடியது. அதைக் கிண்டல் செய்யச் சபரி வாயெடுத்தான். பக்கத்தில் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

*

பூங்காவின் தகவல் மையத்தில் இருந்த ரேஞ்சர் பெண்மணிக்கு அச்சுதன் என்ற பெயர் நினைவில்லை. கைவிடப்பட்ட கார் எதுவும் எந்த மலைப் பாதையின் வாசலிலும் இல்லை என்றார். விழுந்தவர், மயங்கியவர் என்று யாரும் இல்லை.

"அப்படியானால் ஒருவர் இங்கேயே எத்தனை நாள் தங்கலாம்?" என்று ரோஷன் பேகம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"தொடர்ந்து பதினான்கு இரவு. அதற்கு மேல் விடமாட்டோம்."

சபரி விரல் விட்டு எண்ணினான். பன்னிரண்டு ஆகிவிட்டது.

கவுன்டரின் ஓரத்தில் ஒரு தடித்த நோட்டு கிடந்தது. என்ன மிருகம் பார்த்தோம், எங்கே பார்த்தோம் என்று பார்வையாளர்கள் எழுதி வைக்கும் நோட்டு. ரோஷன் பேகம் பிப்ரவரி ஐந்தைத் திருப்பினார். ஆஸ்டினிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கரடி பார்த்ததாக எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தது. ஒரு குழந்தை முயலின் காதை மட்டும் வரைந்திருந்தது. அதற்குக் கீழே, சின்ன, நேரான ஆங்கில எழுத்தில், பெயரில்லாமல் ஒரு குறிப்பு: "ஹவலீனா. எட்டு. ஒன்று நொண்டுகிறது."

ஹவலீனா என்றால் காட்டுப்பன்றியைப் போலவே இருக்கும், ஆனால் பன்றி இல்லாத ஒரு மிருகம். சப்பாத்திக்கள்ளியை முள்ளோடு தின்னும். கூட்டமாகத்தான் திரியும்.

அடுத்த நாளும் அதே கையெழுத்து. சபரி எட்டிப் பார்த்தான். பார்த்தவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"பாஸ், இது அந்தாள்தான்."

"எப்படிச் சொல்றே?"

"இது அனிமல் ரிப்போர்ட் இல்ல. சாஃப்ட்வேர்ல தப்பு இருந்தா எழுதுற பக் ரிப்போர்ட். பாருங்க." விரலை வரியின் மேல் ஓட்டினான். "'எதிர்பார்த்தது: எட்டு. கண்டது: ஏழு. தீவிரம்: குறைவு. நிலை: ஓப்பன்.' டெஸ்டரைத் தவிர உலகத்துல ஒருத்தனும் பன்னியை இப்படி எழுத மாட்டான். நானே எட்டு வருஷம் இதைத்தான் எழுதினேன். கரடி வந்து கடிச்சாக்கூட மொதல்ல 'எதிர்பார்த்தது: கடிக்கக் கூடாது'ன்னுதான் எழுதுவோம்."

தேதிவாரியாக இருந்தது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. ஒரு நாளும் விடவில்லை. கடைசிக் குறிப்பு நேற்றையது.

"உயிரோட இருக்கார்," என்றான் சபரி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஒன்னுன்னு அனுப்பிடலாமா?"

"இது நேத்தைக்குப் பதில். அவங்க கேட்டது இன்னிக்கு." ரோஷன் பேகம் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆறாம் தேதி ஏழு பன்னி. தீவிரம் குறைவு. ஏழாம் தேதி ஏழு பன்னி. குறைவு. எட்டாம் தேதியும் அதே ஏழு பன்னிதான். ஆனா தீவிரம் அதிகம்னு மாத்திட்டார். அதுலேர்ந்து தினமும் அதிகம்தான். எட்டாம் தேதி என்ன ஆச்சு?"

"பன்னிக்கு ஒன்னும் ஆகல."

"ம். பன்னிக்கு ஒன்னும் ஆகல."

இடத்தின் பெயரை அவர் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் நேற்றைய குறிப்பின் கீழே, பழக்க தோஷத்தில், அந்தப் பிழையை மறுபடி காண்பது எப்படி என்று மூன்று படிகள் எழுதியிருந்தார்:

"ஒன்று: காற்றாடிக்கு முதுகைக் காட்டி இரண்டாவது மேஜையில் உட்காரவும். இரண்டு: காற்றாடியின் நிழல் மேஜையைத் தொடும்வரை காத்திருக்கவும். மூன்று: அசையக் கூடாது."

"ஸ்டெப்ஸ் குடுத்திருக்கார் பாஸ். ஃபாலோ பண்ணா பன்னி வரும். பன்னி வந்தா மனுஷன் வருவார்," என்றான் சபரி.

காற்றாடி இருக்கும் இடம் எது என்று கேட்டதும் ரேஞ்சர் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டினார். டகவுட் வெல்ஸ். ஆறு மைல்.

*

பழைய இரும்புக் காற்றாடி ஒன்று நிலத்தடி நீரை இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கசிவை நம்பி நாலைந்து பெரிய மரங்கள். சுற்றிலும் சாம்பல் நிறப் புதர், சப்பாத்திக்கள்ளி, தூரத்தில் ஒன்றன் பின் ஒன்றாக நீல மலைகள். மேஜைகளில் யாரும் இல்லை. மணி பன்னிரண்டு.

சபரி முதல் படியைப் பின்பற்றிக் காற்றாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ரோஷன் பேகம் எதிரே உட்கார்ந்தார். ஒரு மணியானது. இரண்டானது. ஒரு காது நீண்ட முயல் வந்து இருவரையும் பார்த்துவிட்டுப் போயிற்று. காற்றாடி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முனகியது.

"பாஸ், ஏதாவது பேசுங்க. என் காதுக்குள்ள எனக்கே ரத்தம் ஓடுற சத்தம் கேக்குது."

"டிசம்பர் பத்துலேர்ந்து எண்ணு."

"என்னத்தை?"

"நாளை."

சபரி எண்ணினான். டிசம்பரில் இருபத்தொன்று. ஜனவரி முழுதும் சேர்த்து ஐம்பத்திரண்டு. பிப்ரவரி ஐந்து, ஐம்பத்தேழு. ஆறு, ஏழு, எட்டு... அவன் விரல் நின்றது.

"அறுபது."

வேலை போன ஹெச்-ஒன்-பி விசாக்காரருக்கு அறுபது நாள். அதற்குள் வேறு கம்பெனி கிடைத்து, அது மனு போட வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். சுகர் லேண்டிலிருந்து மேற்குக் கரையின் பிளசன்டன் வரை, மாமியாரின் பிறந்தநாளை மறந்தாலும் அந்த எண்ணை மறந்த தமிழன் கிடையாது.

"எட்டாம் தேதி அறுபதாவது நாள்," என்றார் ரோஷன் பேகம். "மாரத்தானுக்குப் போற ரோட்டைப் பார்த்தே. மத்த ரோட்டுலயும் இதே மாதிரிதான் செக்பாயின்ட். உள்ள வரப்ப ஒருத்தரும் கேக்கல. எதிர்ப்பக்கம் கேக்கறதை அவரும் பார்த்திருப்பார். அவர் தொலைஞ்சு போகல சபரி. வெளிய போக முடியாம உள்ளயே உக்காந்திருக்கார்."

சபரி மடித்த விரல்களை விரித்தான். "அந்தம்மா போலீஸ் வேணாம்னு சொன்னது..."

"அவளுக்கு லே ஆஃப் தெரியும். மொதல்லேர்ந்தே தெரியும். தெரியும்னு அவர்கிட்ட சொல்லல. அவரும் அவகிட்ட சொல்லல."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ரெண்டு மாசம்?"

"ம். டிபன் பாக்ஸை யார் கட்டிக் குடுத்தா?"

*

நாலு மணிக்குக் காற்றாடியின் நிழல் மேஜையின் விளிம்பைத் தொட்டது. சாம்பல் நிற டொயோட்டா ஒன்று மெதுவாக வந்து மரத்தடியில் நின்றது. இறங்கியவரின் தாடி பன்னிரண்டு நாள் வளர்ந்திருந்தது. தன் மேஜையில் இரண்டு இந்திய முகங்களைக் கண்டதும் நின்றார். ஓடவில்லை. ஓடுவதற்கு வேண்டிய ஏதோ ஒன்று அவரிடம் தீர்ந்துபோயிருந்தது போலிருந்தது.

"மிஸ்டர் அச்சுதன், வாங்க," என்றான் சபரி. "உங்க ஸ்டெப்ஸ் கரெக்டா இருக்கு. ஆனா உக்கார்ற பெஞ்சு சுடும்னு ஒரு வார்னிங் போட்டிருக்கலாம்."

அச்சுதன் எதிரே வந்து உட்கார்ந்தார். "கலா அனுப்பினாளா?"

"ஆமா," என்றார் ரோஷன் பேகம். பிறகு பேசவில்லை.

காற்றாடி முனகியது. சபரி தன் உதட்டைக் கடித்துக்கொண்டான். வெகுநேரம் கழித்து அச்சுதனே ஆரம்பித்தார். வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போன்ற குரல்.

"மூணே நாள்தான் மேடம் பிளான். வீட்டுக்குப் போய்ச் சொல்லிடணும்னு நினைச்சேன். எட்டாம் தேதி காலைல கார்ல ஏறி உக்காந்தேன். ஸ்டார்ட் பண்ணல. கோவமா, பயமான்னு கேட்டீங்கன்னா, ஒன்னுமே இல்ல. சாவியைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சாயந்தரம் ஆயிடுச்சு. அடுத்த நாள் போகலாம்னா, செக்பாயின்ட்ல நிறுத்தி விசா ஸ்டேட்டஸ் என்னன்னு கேட்டா என்ன சொல்றது? அதுக்கடுத்த நாள் இன்னும் ஒரு நாள் கூடிப் போச்சு."

"பதினஞ்சாம் நாள் என்ன பண்றதா இருந்தீங்க?" என்றான் சபரி.

அச்சுதன் தெற்கே மலைகளைப் பார்த்தார். அங்கே ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. கேட்டிருக்கக் கூடாது என்று சபரிக்குத் தோன்றியது.

"இங்க வந்து உக்காந்தா கொஞ்சம் பரவால்ல," என்றார் அச்சுதன். "மொத நாள் எட்டு வந்துச்சு. கடைசில ஒன்னு நொண்டிக்கிட்டு. மறுநாள்லேர்ந்து ஏழுதான். எட்டாவது வரும்னு தினம் வரேன்."

ரோஷன் பேகம் கைப்பையைத் திறந்து உறையை எடுத்து வைத்தார். "உங்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னாங்க."

அச்சுதன் அதைத் தொடவில்லை. மூன்று சுற்று டேப்பைப் பார்த்தார். "டைவர்ஸா?"

சபரி ரோஷன் பேகத்தைப் பார்க்காமல் கார் சாவியை நீட்டினான். "டேப்பைக் கிழிக்க இது போதும்."

உள்ளே ஒரே ஒரு தாள். அச்சுதன் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, அதில் எழுதியிருப்பது தனக்குப் புரியாத பாஷை என்பது போல ரோஷன் பேகத்திடம் நீட்டினார்.

அது குடியேற்ற அலுவலகத்தின் ரசீது. காப்பெல் என்ற ஊரில் இருக்கும் ஒரு சிறிய கம்பெனி, அச்சுதன் என்பவரை வேலைக்கு எடுக்க மனு போட்டிருக்கிறது. பெற்றுக்கொண்ட தேதி: பிப்ரவரி ஆறு.

"ஐம்பத்தெட்டாவது நாள்," என்றான் சபரி மெதுவாக.

"பத்ரியோட கம்பெனி," என்றார் அச்சுதன். "காலேஜ்ல என் ரூம்மேட். நான் அவன்கிட்ட கேக்கவே இல்ல. கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"கலாவதி கேட்டிருக்காங்க. உங்க லேப்டாப்லேர்ந்து பேப்பரெல்லாம் எடுத்து அனுப்பியிருக்காங்க. கிடைக்காமப் போச்சுன்னா உங்களுக்கு இன்னொரு அடின்னு சொல்லாம இருந்திருப்பாங்க. நீங்க ஐம்பத்தேழாவது நாள் கிளம்பிட்டீங்க," என்றார் ரோஷன் பேகம்.

"நான் இங்க வந்த மறுநாளே..." அச்சுதன் நிறுத்தினார். "அப்போ இந்தப் பன்னெண்டு நாளும் நான் வெளிய போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

"எனக்கு இப்போ சந்தோஷம் வரணும் இல்ல மேடம்?"

"வரலையா?"

அவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே தேடிப் பார்ப்பது போலிருந்தது. "இல்ல."

"சர்வர் ஸ்லோவா இருக்கும் சார்," என்றான் சபரி. "வரும். ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க."

அச்சுதன் சட்டென்று விரலை உயர்த்தினார். மூவரும் அசையாமல் இருந்தார்கள். புதருக்குள்ளிருந்து முதலில் ஒரு வாடை வந்தது. பிறகு சாம்பல் நிற முதுகு ஒன்று. கழுத்தில் மாலை போட்டது போல வெள்ளைக் கோடு. ஒவ்வொன்றாகக் கசிவு நீரை நோக்கி நடந்தன. சபரி உதட்டை அசைத்து எண்ணினான். ஐந்து. ஆறு. ஏழு. கடைசியாக வந்தது ஒரு நிமிடம் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அதுவும் குடிக்கப் போயிற்று.

அவை போய் வெகுநேரமாகியும் அச்சுதன் புதரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோஷன் பேகம் அவசரப்படுத்தவில்லை. வெயில் மலை உச்சிகளுக்கு ஏறியபோது அவரே எழுந்தார்.

"போலாம்," என்றார்.

*

டொயோட்டாவை அச்சுதன் ஓட்டினார். பக்கத்தில் ரோஷன் பேகம். பின்னால், அவர்கள் வந்த காரில் சபரி. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓட்டினார்கள். கொட்டகையின் விளக்குகள் தெரிந்ததும் அச்சுதன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். கார் மெதுவாயிற்று. நிற்க வேண்டிய இடத்துக்கு நூறு அடி முன்பே நின்றுவிட்டது.

ரோஷன் பேகம் காத்திருந்தார். பின்னால் சபரி ஹாரன் அடிக்கவில்லை.

கார் மறுபடி நகர்ந்தது.

பச்சைச் சீருடைக்காரர் இளைஞர். குனிந்து, "இருவரும் அமெரிக்கக் குடிமக்களா?" என்றார்.

"நான் ஆமாம்," என்றார் ரோஷன் பேகம்.

"நான் இல்லை," என்றார் அச்சுதன். பாஸ்போர்ட்டையும் தாளையும் ஜன்னல் வழியாக நீட்டினார். இளைஞர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். திருப்பிக் கொடுத்தார்.

"பூங்காவிலிருந்தா வருகிறீர்கள்? மிருகம் ஏதாவது கண்ணில் பட்டதா?"

இத்தனை நாள் பயந்த கேள்வி இதுவல்ல. அச்சுதன் பாஸ்போர்ட்டை மடியில் வைத்தார்.

"ஹவலீனா," என்றார். "ஏழு."

"அதிர்ஷ்டம்தான்," என்று சொல்லிக் கையசைத்தார் இளைஞர்.

அரை மைல் தாண்டி அச்சுதன் காரை ஓரமாக நிறுத்தினார். "எட்டாவது செத்துப்போயிருக்கும் மேடம்," என்றார். "மொத நாளே செத்திருக்கும்." பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழ ஆரம்பித்தார். சின்னப் பையன்கள் அழுவது போல, மூக்கு ஒழுக, சத்தமாக. பின்னால் நின்ற காரிலிருந்து இறங்கி வந்த சபரி, ஜன்னலருகில் வந்ததும் நின்றான். காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு இருட்டிவிட்ட சாலையைப் பார்த்தான்.

மாரத்தான் நெருங்கியபோது ரோஷன் பேகத்தின் போனில் சிக்னல் வந்தது. அவர் கலாவதியின் எண்ணைத் திறந்து, போனை அச்சுதனிடம் கொடுத்தார்.

"ஒன்னா ஜீரோவான்னு கேட்டாங்க. நீங்களே சொல்லுங்க."

அச்சுதன் காரை நிறுத்தி, ஒளிரும் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரே ஓர் எண்ணை அழுத்தி அனுப்பினார்.

அனுப்பிய நொடியிலேயே, படித்தாயிற்று என்று காட்டும் இரண்டு டிக்கும் நீலமாயின.